பெயரில்லாமல் வந்த ஃபைல்கள்

அல்லிநகரம், தேனி
10 ஜூன் 2024

திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

கார்த்திக்ராஜின் மனைவி முனீஸ்வரி எழுதுவது. இந்தக் கடிதம் பின்னால் கோர்ட்டில் வைக்கப்படலாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து முழுதாக எழுதச் சொல்லியிருக்கிறார் எங்கள் வக்கீல் அய்யாத்துரை. போனில் பேசாததற்கும் அதுதான் காரணம்.

நீங்களும் என் கணவரும் சேர்ந்து நடத்திய சர்வே ஆபீஸ், 2021 பிப்ரவரியில் வருசநாட்டுக்கு மேலே எங்கள் ஊரில் ஓர் அளவு எடுத்தது. இலவந்தோப்புக்கும் ஓடைக்கும் நடுவில் போகிற பாதை தோப்புக்குச் சொந்தமா, புறம்போக்கா என்று பார்ப்பதற்கான அளவு. பதினொரு வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி. என் கணவர் வரைந்த வரைபடத்தில் பாதை புறம்போக்கில் இருந்தது. முதல் நாள் அளவில் அது தோப்புக்குள் நாலு மீட்டர் இருந்ததாகவும், மனைவியின் ஊர் என்பதால் அவர் கோட்டை நகர்த்திவிட்டதாகவும் நீங்கள் தோப்புக்காரருக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளை வைத்துத்தான் அவர் தடை உத்தரவு வாங்கி, கம்பிவேலி போட்டிருக்கிறார். ஒன்றரை வருடமாக என் அம்மா உட்பட எல்லோரும் ஓடைக்குள் இறங்கித்தான் போய்வருகிறார்கள். ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்தால் மூன்று நான்கு நாள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

மறுபடி அளக்கலாம் என்றால் அதற்கு அடையாளம் இல்லை. தோப்பைச் சமப்படுத்தும்போது பழைய சர்வே கற்கள் ஜேசிபியில் போய்விட்டன. அதனால் 2021இல் அளவை மெஷின் தானே பதிந்த ஃபைலைக் கொண்டுவரச் சொல்கிறார் நீதிபதி. நீங்கள் இருவரும் பிரிந்தபோது என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது இருந்தது. அவர் விபத்தில் இறந்து மூன்றாம் மாதம், மகளின் படிப்புக்காக அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தது நான்தான். போட்டோ, கடிதம், வரைபடம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். மெஷினின் ஃபைல்கள் என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டேன். இப்போது நான் சம்பளத்துக்கு இருப்பதே அழிந்த டேட்டாவை மீட்டுக் கொடுக்கும் கடையில்.

ரெக்கவரி சாஃப்ட்வேருக்கு ஃபைலின் பெயர் தேவையில்லை. ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்குகிற இடத்தில் சில பைட்டுகள் மாறாமல் ஒன்றாகவே இருக்கும். அதைச் சிக்னேச்சர் என்போம். டிஸ்க் முழுவதும் அந்தக் குறியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஃபைலை வெளியே எடுக்கும். போட்டோ, வீடியோ என்று முந்நூறு வகை அதற்கே தெரியும். உங்கள் அளவை மெஷின், அந்த டோட்டல் ஸ்டேஷன், எழுதுகிற வகை தெரியாது. நாமே சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு அதே மெஷினில் பதிந்த கெடாத ஃபைல் நாலைந்து வேண்டும். மெஷின் உங்களிடம் இருக்கிறது.

கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். எது என்றாலும் எழுத்தில் தெரிவிக்கவும்.

முனீஸ்வரி


நெடுங்கண்டம்
21 ஜூன் 2024

தங்கச்சி முனீஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்தது. ‘திரு’ என்றும் ‘அவர்கள்’ என்றும் போட்டிருந்தாய். போடு.

இங்கே இடவப்பாதி என்கிற பருவமழை பிடித்துவிட்டது. ஏலத்தோட்டங்களில் வேலை நடக்கவில்லை, எனக்கும் அளவு இல்லை. அதனால் உன் கடிதத்தைப் பல தடவை படிக்க நேரம் இருந்தது. படிக்கப் படிக்க ஏதோ நான்தான் உன் அம்மாவை ஓடையில் இறக்கிவிட்டது போல இருக்கிறது.

எழுத்தில் கேட்கிறாய், எழுத்திலேயே சொல்கிறேன். பதினோராம் தேதி அந்த இடத்தை அளந்தவன் நான். கார்த்தி கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைய அளவில் பாதை தோப்புக்குள் இருந்தது. தோப்புக்காரர் கேட்டார், நான் வாய்வார்த்தையாகச் சொன்னேன். அடுத்த வாரம் கார்த்தி வரைந்து முடித்துக் கொண்டுவந்த வரைபடத்தில் பாதை வெளியே வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் எல்லாரும் நிற்கும்போதுதான் கேட்டேன். “ஏலே கார்த்தி, நான் அளந்தது ஒண்ணு, நீ வரைஞ்சது ஒண்ணு. மாமியா ஊருங்கிறதுக்காகத் தள்ளிப் போட்டியா?” என்றேன். அவன் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டான். தப்பில்லாதவன் ஏன் வாயைத் திறக்காமல் போகிறான்?

அதோடு விடவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினேன். பதின்மூன்றாம் தேதி போட்ட ஃபைல் ஒன்று இருந்தது. அவன் மட்டும் தனியாகப் போய் அளந்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. என் பதினோராம் தேதி ஃபைல் இல்லை. மெஷினிலும் இல்லை. அதை அழித்திருந்தான். அதற்குப் பிறகுதான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை.

பெண்டிரைவில் ஐந்து ஃபைல் வைத்திருக்கிறேன். எல்லாம் போன மாதம் கட்டப்பனையில் அளந்தவை. இதைக் கொடுப்பதால் நான் சொன்னதிலிருந்து மாறுகிறேன் என்று உன் வக்கீல் நினைத்துவிட வேண்டாம்.

சுருளிராஜன்


அல்லிநகரம்
8 ஜூலை 2024

திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

பெண்டிரைவ் கிடைத்தது. ‘தங்கச்சி’ வேண்டாம். கடிதத்தை எதிர்த்தரப்பு வக்கீலும் படிப்பார்.

ஐந்து ஃபைலின் முதல் நான்கு பைட்டும் ஒன்றாக இருந்தன: 50 52 4A 02. அதைச் சிக்னேச்சராகக் கொடுத்து, டிஸ்கின் நகலில் முழுதாகத் தேடவிட்டேன். ஆறு மணி நேரம் ஓடியது. கிடைத்த ஃபைல்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

ஃபார்மட் செய்த பிறகு மகள் அந்தக் கம்ப்யூட்டரை ஒன்றரை வருடத்துக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறாள். அவளுடைய பாடங்களும் படங்களும் பழைய இடங்களில் ஏறி, எல்லாம் அழிந்துபோயிருக்கலாம். அப்படியென்றால் இதோடு முடிந்தது. அல்லது நான் கொடுத்த குறியே தவறாக இருக்கலாம். இல்லாத பொருளைத் தேடினாலும், இருக்கிற பொருளைத் தவறாகத் தேடினாலும் திரையில் வருவது ஒரே பதில்தான். அதனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. 2021க்குப் பிறகு மெஷினை எங்காவது சர்வீசுக்குக் கொடுத்தீர்களா? அதன் உள்ளே இருக்கும் ப்ரோக்ராமை மாற்றினார்களா? மாற்றியிருந்தால் ஃபைலின் தொடக்கமும் மாறியிருக்கும்.

மாற்றவில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடவும். கோர்ட்டில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

முனீஸ்வரி


நெடுங்கண்டம்
2 ஆகஸ்ட் 2024

முனீஸ்வரிக்கு,

மாற்றினார்கள். 2022இல் மெஷினின் திரை போய்விட்டது. சர்வீசுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது பட்டனெல்லாம் வேறு மாதிரி வேலை செய்தது. புது ப்ரோக்ராம் ஏற்றியிருக்கிறோம் என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். நீ கேட்காவிட்டால் எனக்கு அது ஞாபகத்துக்கே வந்திருக்காது.

பழைய ஃபைல் எதுவும் என்னிடம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதிவிட்டேன். பிறகு ஊருக்குப் போகிற வேலை வந்தது. சுருளிப்பட்டியில் எங்கள் மாமா திராட்சைத் தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது நாங்கள் இருவரும்தான் அளந்து கொடுத்தோம். அது 2020. அளவைக் காப்பி போட்டுக் கொடுத்த பெண்டிரைவை மாமா பத்திரத்தோடு ஒரே கவரில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார். “இது என்னன்னு தெரியலப்பா, நீக குடுத்ததுன்னு வச்சிருக்கேன்” என்றார். அதில் மூன்று ஃபைல் இருக்கிறது. அனுப்பியிருக்கிறேன்.

பந்தலுக்குள் குனிந்துகொண்டே அளந்த வேலை அது. கார்த்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தான். நீ தைலம் தேய்த்துவிட்டதாகச் சொன்னான். இதெல்லாம் கோர்ட்டுக்குத் தேவையில்லை என்றால் கோடு போட்டு அடித்துக்கொள்.

இதிலும் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் வேறு வழி இல்லை.

சுருளிராஜன்


அல்லிநகரம்
19 ஆகஸ்ட் 2024

திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

பழைய ஃபைல்களின் தொடக்கம் வேறாகத்தான் இருக்கிறது. நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

முதல் இரண்டு பைட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதாயிரம் ஃபைல் வந்தது. அத்தனையும் குப்பை. 4A 4F என்ற இரண்டு எண்கள் எந்தப் படத்தின் நடுவிலும் தற்செயலாக வரும். குறி சிறியதாக இருந்தால் கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடும். நான்கு பைட்டாக நீட்டினேன்: 4A 4F 42 1A. நூற்றுப் பத்தாகக் குறைந்தது. அதிலும் பல மெஷினுடையவை அல்ல. உங்கள் மூன்று ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பதினாறாவது இடத்திலிருந்து ஏழு பைட் மூன்றிலும் ஒன்றாக இருந்தது. எழுத்தாக மாற்றினால் அது உங்கள் மெஷினின் சீரியல் எண். அதையும் இரண்டாவது நிபந்தனையாகச் சேர்த்தேன். ஃபைலின் முடிவுக்குத் தனிக் குறி எதுவும் இல்லை. அதனால் அதிகபட்ச அளவு 256 கேபி என்று வைத்தேன். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற தேவையில்லாத பகுதியை உங்கள் மெஷினின் சாஃப்ட்வேர் கண்டுகொள்ளாது. மாமாவின் ஃபைலை வைத்துச் சோதித்துவிட்டேன்.

இப்போது தேடினால் கிடைக்கிறது. ஆனால் எத்தனை கிடைத்தது, அவற்றில் என்ன இருக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. வக்கீல் சொன்னது இது: “அது உங்க ஊரு, அவரு உங்க வீட்டுக்காரரு. நீயே எடுத்துக் குடுத்தா நீயே செஞ்சு வச்சதும்பாக. எதிர்த்தரப்புச் சாட்சி கையால எடுத்து வரட்டும், அப்ப யாரும் வாயத் தெறக்க மாட்டாக.” எதிர்த்தரப்புச் சாட்சி நீங்கள்தான்.

டிஸ்கின் முழு நகலும் இத்துடன் வருகிறது. ரெக்கவரி சாஃப்ட்வேரும் அதில் இருக்கிறது. அதில் ‘புதிய வகை’ என்ற இடத்தைத் திறந்து, மேலே எழுதிய எண்களை நீங்களே உங்கள் கையால் அடிக்க வேண்டும். கிடைப்பவற்றுக்குப் பெயர் இருக்காது, தேதியும் இருக்காது, 0001 என்று எண்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்துதான் எது எந்த வேலை என்று பார்க்க முடியும். எத்தனை வந்தது, எங்கள் ஊர் அளவு அதில் இருந்ததா, அது என்ன சொல்கிறது என்று எழுதி அனுப்பவும்.

மூலப்பிரதி வக்கீல் ஆபீஸில் இருக்கிறது.

முனீஸ்வரி


நெடுங்கண்டம்
15 செப்டம்பர் 2024

முனீஸ்வரிக்கு,

அறுபத்து மூன்று.

நீ எழுதியபடியே அடித்தேன். முதல் தடவை ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். சின்னமனூர் கல்யாண மண்டபம், உத்தமபாளையத்தில் சம்சுதீன் ராவுத்தர் வாங்கிய வயல், கம்பம் பைபாஸ் ஓரத்து மனைகள். ஆறு வருட வேலை பெயரில்லாமல் வரிசை தப்பிக் கிடந்தது. 0017 உங்கள் ஊர். உள்ளே பதிந்திருக்கிற தேதி பதின்மூன்று, கார்த்தி போட்டது. 0048ம் உங்கள் ஊர்தான். பதினோராம் தேதி, நான் போட்டது.

இரண்டையும் பார்த்து ஒன்பது நாள் ஆகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மெஷினை ஒரு கல்லின் மேல் நிறுத்துவோம். அதற்குத் திசை தெரியாது. தூரத்தில் இருக்கிற இன்னொரு கல்லைப் பார்க்கவைத்து, அந்தக் கல்லின் எண்ணை அடிப்போம். அதை வைத்துத்தான் அது மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போடும். பதினோராம் தேதி பன்னிரண்டாம் கல்லில் நிறுத்தியிருக்கிறேன். பதினெட்டாம் கல்லைப் பார்ப்பதாக எண்ணை அடித்திருக்கிறேன். புல வரைபடத்தின்படி பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையே 97 மீட்டர் 60. மெஷின் பதிந்திருக்கிற தூரம் 84 மீட்டர் 21. அது பதின்மூன்றாம் கல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில், முள்ளுக்குள் இருந்த கற்கள். எழுத்து தேய்ந்திருந்தது. நான் பார்த்தது பதின்மூன்று, அடித்தது பதினெட்டு.

பதின்மூன்று மீட்டர் வித்தியாசம் என்று மெஷின் திரையில் காட்டியிருக்கும். காட்டியதும், நான் ஓகே அழுத்தியதும் ஃபைலிலேயே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் சின்னமனூரில் வேறொரு வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அது ஒரு காரணம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு நடந்தது அது. அந்த ஒரு எண்ணால் முழுப்படமும் கொஞ்சம் திரும்பிவிட்டது. மெஷினிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி இருக்கிற பாதையில் அது ஐந்து மீட்டருக்கு மேல் வருகிறது. பாதை தோப்புக்குள் நாலு மீட்டர் போனது அப்படித்தான்.

கார்த்தி பதின்மூன்றாம் தேதி அதே பன்னிரண்டாம் கல்லில் நிறுத்தியிருக்கிறான். பதின்மூன்றாம் கல்லையும் பார்த்திருக்கிறான், பதினெட்டாம் கல்லையும் பார்த்திருக்கிறான். இரண்டையும் இரண்டு தடவை. ஒரு சென்டிமீட்டர் கூட வித்தியாசமில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்துகொண்டுதான் அங்கே போயிருக்கிறான். பாதை தோப்புக்கு வெளியே இருக்கிறது, முனீஸ்வரி. ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் வெளியே.

என் ஃபைலை அவன் ஏன் அழித்தான் என்று இப்போது தெரிகிறது. நான் அசிங்கப்படக் கூடாது என்று அழித்திருக்கிறான். நான் அதையே அவன் திருட்டுக்குச் சாட்சியாக வைத்தேன்.

இந்த ஃபைலை நான் இங்கேயே அழித்திருக்கலாம். உன் வக்கீலிடம் மூலப்பிரதி இருப்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். அதனால் சொல்லவில்லை. எங்கே வந்து என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வக்கீலைக் கேட்டு எழுது.

சுருளிராஜன்


அல்லிநகரம்
24 செப்டம்பர் 2024

திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

எனக்கும் அறுபத்து மூன்றுதான் வந்தது. இரண்டு ஃபைல்களின் தேதியும் ஒத்துப்போகிறது. எது சரி என்று எனக்குத் தெரியாது. அதைப் புரிந்துகொள்கிற படிப்பு நான் படிக்கவில்லை.

வக்கீல் எழுதச் சொன்னது: 2021இல் கொடுத்த தாளை மறுத்து ஒரு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். கல் எண்ணைத் தவறாக அடித்தது, தூர வித்தியாசத்தைக் கவனிக்காதது, டிஸ்கிலிருந்து நீங்களே ஃபைலை எடுத்தது, மூன்றும் அதில் வர வேண்டும். அக்டோபர் 21 காலை பத்தரைக்கு நேரில் வர வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். உங்கள் தொழிலைப் பற்றியும் கேட்பார் என்று சொல்லிவைக்கச் சொன்னார்.

இன்னொன்று. என் கணவர் அந்த ஃபைலை ஏன் அழித்தார் என்று வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தப்பான அளவு என்பதால் தூக்கிப்போட்டிருக்கலாம். மெஷினில் இடம் போதாமல் இருந்திருக்கலாம். அவரைப் பெரிய மனுஷனாக்கி உங்களைத் திட்டிக்கொள்வதும் ஒரு வகையில் உங்களைப் பற்றிய பேச்சுதான்.

அம்மாவிடம் சொன்னேன். “அம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டாருல்ல, அம்புட்டுப் பேரு முன்னாடி வந்து சொல்லட்டும்” என்றது. இது வக்கீல் சொன்னதல்ல.

முனீஸ்வரி


நெடுங்கண்டம்
20 ஜனவரி 2025

முனீஸ்வரிக்கு,

வக்கீல் எல்லாம் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

குறுக்கு விசாரணை ஒன்றரை மணி நேரம் நடந்தது. “அன்னைக்குத் தப்புப் பண்ணுனீக, இன்னைக்கு மட்டும் சரியாத்தான் சொல்றீகன்னு எப்படி நம்புறது?” என்று கேட்டார் தோப்புக்காரரின் வக்கீல். “என்ன நம்ப வேணாம். ரெண்டு ஃபைலையும் வேற சர்வேயர்கிட்டக் குடுங்க” என்றேன். கொடுத்தார்கள். கோர்ட் நியமித்த கமிஷனரும் அரசு சர்வேயரும் ஜனவரி ஏழாம் தேதி உங்கள் ஊருக்கு வந்து, கார்த்தி தன் அளவில் பதிந்திருந்த வீட்டு மூலைகளை வைத்து இடத்தைக் குறித்தார்கள். பாதை முழுக்கப் புறம்போக்கில் வந்தது. பதினெட்டாம் தேதி தடை உத்தரவை எடுத்துவிட்டார்கள். நேற்று வேலியைப் பிரித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஏழாம் தேதி நீ வரவில்லை. மகளுக்குப் பரீட்சை என்று சொன்னார்கள். அளந்து முடித்ததும் ஊர்க்காரர்கள் நின்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே சொன்னேன். “கார்த்தி சரியாத்தான் அளந்தான். தப்பு என்னோடது. நாலு வருசம் முந்தியே பாத்திருக்கணும், பாக்கல” என்றேன். ஒரு பெரியவர் தலையாட்டினார். மற்றவர்கள் கலைந்து போய்விட்டார்கள். உன் அம்மா நின்றுகொண்டிருந்தார். கமிஷனருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார், சர்வேயருக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. அது நியாயம்.

இங்கே இரண்டு தோட்டக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டுவிட்டார்கள். தேனி கோர்ட்டில் நடந்தது கட்டப்பனை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு சேட்டன் மட்டும், இனி நீ எண்ணை ஒழுங்காகப் பார்ப்பாய் என்று சொல்லி வேலை கொடுத்திருக்கிறார்.

இனி இந்தக் கடிதங்கள் எந்தக் கோர்ட்டுக்கும் போகாது. அதனால் ஒன்று கேட்கிறேன். பிரிந்த பிறகு ஒன்றரை வருடம் கார்த்தி இருந்தான். நான் இங்கே வருவதற்கு முன்னால் தேனியில் ஒரே ஊரில்தான் இருந்தோம், பெட்ரோல் பங்கில் கூடப் பார்த்திருக்கிறேன். என்னைப் பற்றி வீட்டில் எப்போதாவது, ஏதாவது சொன்னானா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவன் துக்கத்துக்கு இங்கிருந்து தேனிக்குக் கிளம்பி, வீரபாண்டி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சுருளிராஜன்


அல்லிநகரம்
2 பிப்ரவரி 2025

திரு. சுருளிராஜன் அவர்களுக்கு,

வேலியைப் பிரித்தது உண்மை. பால் வண்டி இப்போது வீடு வரைக்கும் வருகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை. உங்களைப் பற்றி அவர் வீட்டில் எதுவும் பேசவில்லை. திட்டவும் இல்லை. உங்கள் பெயர் வருகிற இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வேறு எதையாவது எடுப்பார். துக்கத்துக்கு நீங்கள் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

கோர்ட்டுக்குத் தேவைப்படாததால் நானும் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

நீங்கள் அனுப்பிய முதல் ஐந்து ஃபைலை வைத்துத் தேடி, பூஜ்யம் என்று வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஃபைல் கிடைத்தால் அவர் கோட்டை நகர்த்தியது வெளியே வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டது நீதிபதி, அதனால் தேடினேன். மெஷின் சர்வீசுக்குப் போனதா என்று உங்களைக் கேட்காமலேயே இருந்திருக்கலாம். ஆனால் தவறாகத் தேடிவிட்டு, இல்லை என்று சொல்வது என் வேலையில் கிடையாது. அந்த வழக்கம்தான் அந்தக் கேள்வியை எழுதவைத்தது. அவர் மேல் இருந்த நம்பிக்கை அல்ல.

நீங்கள் மட்டும் அவரைச் சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வரைபடத்தை முடித்த அன்று சாயங்காலம் அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். எங்கள் ஊரைக் காட்டினார், அம்மா வீட்டைக் காட்டினார். பாதை தோப்புக்கு வெளியே இருந்தது. நீங்கள் தோப்புக்காரரிடம் வேறு மாதிரி சொன்னது அம்மா மூலம் எனக்கு முதலிலேயே தெரியும். நான் டீயை வைத்துவிட்டு, “எங்க ஆத்தாளுக்கு நல்லது பண்ணிட்டீக. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்” என்றேன். நன்றியோடுதான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நான் அளந்ததத்தான் வரைஞ்சிருக்கேன், முனீசு” என்றார்.

நான் சிரித்தேன். வெளியே யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்ல வேண்டும், அதை என்னிடம் சொல்லிப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்பச் சரி என்பது போலத் தலையை ஆட்டினேன். அவர் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார். டீயைக் குடித்தார் என்றுதான் ஞாபகம்.

நீங்கள் ஊர் நடுவில் கேட்டது அதற்கு நாலு நாள் கழித்து. அப்போது அவர் ஏன் பேசாமல் போனார் என்று எனக்கும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், எங்கள் ஊருக்காக அவ்வளவு பெரிய காரியம் செய்தவர் என்று, அவருக்கு எதிலும் ஒரு குறை வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

முனீஸ்வரி